டேங்க் மூடி

மே 3, சனி

இன்று மூன்று வண்டி. லோடு ஆட்டோ, கிளட்ச். பால் வண்டி, செல்ப். மூன்றாவது தவசியின் பிக்கப்.

பேட்டரிக் கடைக்காரர் கொடுத்த இந்த டைரியில் நான் வேலை எழுதுவதைப் பார்த்துப் பால் வண்டிக்காரன் சிரித்தான். சிரிக்கட்டும். ஆறு மாதம் கழித்து வந்து "நீ பில்டரை மாத்தவே இல்லையே சூசை" என்று நிற்கப்போகிறவனும் அவன்தான். தேதியோடு பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் வாயை மூடிக்கொண்டு போவான். இருபத்தெட்டு வருடத் தொழிலில் செய்யாத வேலையை நான் எழுதியதில்லை, செய்த வேலையை எழுதாமல் விட்டதுமில்லை.

தவசி மூங்கிலடிக்காரன். மலையிலிருந்து பலாவும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் மண்டிக்கு இறங்குவான். திரும்பும்போது உரம், சிமெண்ட், மளிகை என்று கிடைத்ததை ஏற்றிக்கொண்டு போவான். ஏற்றத்தில் இழுவை இல்லை, முக்குகிறது, புகை தள்ளுகிறது என்று கொண்டுவந்தான். கூடவே சடையன். தவசியின் தங்கை குருவம்மாளைக் கட்டியவன், இந்த வண்டிக்கு லோடுமேன். பின்னால் லோடு மேல் உட்கார்ந்து வருவான். ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்குக் கல் போடுவதும் அவன்தான். வந்ததும் ஒரு பலாவை என் மேசையில் டொம்மென்று வைத்தான்.

"சூசைண்ணே, தின்னு பாருங்க. டீசல் வாடை அடிக்கும், சொல்லிட்டேன்."

"ஏம்ப்பா, மரத்துக்கு டீசலா ஊத்துறீங்க?"

"மூடி வழியா ததும்பித் ததும்பி சைடு பலகை பூராம் டீசல்ணே. யாவாரி மோந்து பாத்துட்டு மூஞ்சியச் சுளிக்கிறான். வீட்டுல இவரு தங்கச்சி என்னையத் திருணையில படுங்கிறா."

தவசி முறைத்தான். சடையன் அதற்கும் சேர்த்துச் சிரித்தான்.

ததும்பாமல் என்ன செய்யும். மலை மேல் பங்க் கிடையாது. கீழே வருகிறபோது வாய் வரைக்கும் ரொப்பிக்கொண்டு போய்ப் பன்னிரண்டு கொண்டை ஊசி வளைவு ஏறினால் கிணறுகூடத் ததும்பும்.

மே 5, திங்கள்

தவசி வண்டி. எந்த டீசல் வண்டி வந்தாலும் என் முதல் வேலை டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பது. தண்ணீர் கலந்ததா, மண்ணெண்ணெய் கலந்ததா, மூக்கு சொல்லிவிடும். லேப்டாப்பை மாட்டி எண் பார்க்கிற பொடியன்களுக்கு மூக்கு எதற்கு இருக்கிறதென்றே தெரியாது. தண்ணீர்தான். டேங்கை இறக்கினேன். அடியில் துருவும் சேறும். உறிஞ்சு குழாயின் சல்லடை பாதி அடைத்திருந்தது. டேங்க் கழுவி, சல்லடை கழுவி, பில்டர் மாற்றி, குழாயில் அடைந்த ஏரை எடுத்து, பைபாஸ் வரை ஓட்டிப் பார்த்தேன். நன்றாக இழுக்கிறது.

மூடியின் ரப்பர் வாசர் வெடித்திருந்தது. இந்தப் பழைய மாடலுக்கு வாசர் தனியாகக் கிடைக்காது, மூடியாகத்தான் மதுரையிலிருந்து வர வேண்டும். மச்சானும் மாப்பிள்ளையும் டீக்கடைக்குப் போயிருந்தார்கள். தடியான பிளாஸ்டிக் கவர் ஒன்றை இரண்டாக மடித்து, டேங்க் வாயில் போட்டு, அதன் மேல் மூடியை இறுக்கினேன். மலை வண்டிகளில் பாதி இப்படித்தான் ஓடுகிறது. ஒரு சொட்டு வெளியே வராது. பில்லில் ஏற்றவில்லை, அவர்களிடம் சொல்லவும் இல்லை. சடையன் இனி வீட்டுக்குள் படுக்கலாம்.

மே 9, வெள்ளி

காலையில் தவசி போன் செய்தான். நேற்று ஏறும்போது ஏழாவது வளைவில் வண்டி நின்றுவிட்டதாம். சடையன் கல் போட்டுப் பிடித்திருக்கிறான்.

"டீசல் இருந்துச்சா?"

"மூடியைத் தெறந்து பாத்தேண்ணே, வாய் வரைக்கும் கெடக்கு. கைப்பம்பை நாலு அமுக்கு அமுக்கிட்டு செல்ப் அடிச்சேன், பிடிச்சிருச்சு. அப்புறம் வீடு வரைக்கும் நிக்கவே இல்ல."

கைப்பம்பு டீசலைத் தள்ளியதும் பிடித்ததென்றால் குழாய் ஏர் இழுக்கிறது. எங்கேயோ நூல் அளவு கசிவு. இறங்கும்போது கொண்டுவரச் சொன்னேன்.

மே 10, சனி

தவசி வண்டி. மூடியைத் திறந்தேன், கவரை எடுத்தேன், மோந்து பார்த்தேன். சுத்தமான டீசல். கவரைப் பழையபடி போட்டு மூடினேன். பில்டர் தலையில் இருக்கும் செம்பு வாசர் நான்கையும் மாற்றினேன். பம்புக்குப் போகும் ஓஸ் ஓரத்தில் வெடிப்பு மாதிரி தெரிந்தது, அதையும் மாற்றினேன். அரை மணி நேரம் ஓட்டினேன். முக்கல் முனகல் இல்லாமல் ஓடுகிறது.

வியாதி டாக்டர் வீட்டு வாசலில் மட்டும் ஒளிந்துகொள்ளும் என்று செசிலி சொன்னாள். என் மனைவிக்கு எதை எடுத்தாலும் டாக்டர் பேச்சுதான்.

மே 14, புதன்

மறுபடி நின்றிருக்கிறது. அதே ஏழாவது வளைவு. இறங்கும்போது நிற்பதில்லை, ஏறும்போது மட்டும். டேங்க் நிறைய இருக்கும்போது மட்டும். அதைத் தவசிதான் சொன்னான். டேங்க் நிறைந்தால் எந்த வண்டியாவது நிற்குமா என்று அவனைக் கேலி செய்தேன்.

இன்று கேன் வைத்துப் பார்த்தேன். ஐந்து லிட்டர் கேனை பானெட்டில் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து நேராகப் பம்புக்குக் குழாய் கொடுப்பது. டேங்கை வழக்கிலிருந்தே விலக்கிவிடுவது. ஒரு மணி நேரம் பைபாஸில் விரட்டினேன், இருமவில்லை. ஆக பம்ப் நல்லது, நாசில் நல்லது, குற்றம் டேங்க் பக்கம். டேங்கை மறுபடி இறக்கினேன். சல்லடை கண்ணாடி மாதிரி இருக்கிறது. டேங்கிலிருந்து வரும் குழாயை மட்டும் புதிதாகப் போட்டு, கழுவி மாட்டி, எல்லாவற்றையும் இறுக்கி அனுப்பினேன்.

தவசிக்கு நம்பிக்கை வரவில்லை. "நாளான்னைக்கு நாப்பது மூடை சிமெண்டு ஏத்தணும்ணே. தாங்குமா?"

"ஏத்துப்பா. இனி நின்னா சூசைன்னு என்னையக் கூப்பிடாத."

சடையன் இடையில் புகுந்தான். "கூப்பிடாம எப்பிடிண்ணே? உருப்படியா ஒரு ஆளுதான இருக்கீங்க."

மே 16, வெள்ளி

தவசி வண்டி ஏழாவது வளைவில் நின்று பின்னால் உருண்டது. கல் போடக் குதித்த சடையன் சக்கரத்துக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான். போய்விட்டான்.

மே 17, சனி

மலைக்குப் போய் வந்தேன். சடையனின் முகத்தைத் திறந்து காட்டவில்லை.

தவசி வலது கையில் கட்டோடு ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"ஏறிக்கிட்டுத்தாண்ணே இருந்துச்சு. திடீர்னு செத்துப்போச்சு. பிரேக்கை மிதிக்கிறேன், கல்லு மாதிரி இருக்கு. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், நிக்கல. கல்லு போடுறா மாப்ளன்னு கத்துனேன். நாந்தான் கத்துனேன். அவன் குதிச்சுட்டான்."

இன்ஜின் நின்றால் பிரேக் இறுகிவிடும், லோடு வண்டியில் இரண்டு மூன்று மிதிக்கு மேல் பிடிக்காது. அதைச் சொன்னேன். அவன் காதில் விழவில்லை. "கியர் மாத்துறப்ப கிளட்சை விட்டுட்டேனோ" என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்தான்.

உள்ளேயிருந்து குருவம்மாள் வெளியே வந்து கூட்டத்துக்கு நடுவில் அண்ணனைப் பார்த்துக் கத்தினாள். "குடிச்சிருந்த நீ. குடிச்சுட்டுத்தான் ஓட்டுன. எம்புருசனைக் கொன்னுட்டு இங்க எதுக்குடா உக்காந்திருக்க?"

தவசி குடிப்பதில்லை என்பது அந்த ஊருக்கே தெரியும். ஆனால் நல்ல வண்டி ஏன் உருள வேண்டும்? காரணம் இல்லாத சாவை யார் ஏற்றுக்கொள்வார்கள். ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. "ரெண்டு நாளைக்கு முந்திதான் மெக்கானிக்கு முழுசாப் பாத்து அனுப்பியிருக்காரு" என்று ஒரு பெரியவர் என்னைக் காட்டிச் சொன்னார். அதுவும் தவசிக்கு எதிராகவே போனது.

மே 22, வியாழன்

அடிவாரம் ஸ்டேஷனில் வண்டியைப் பார்க்க ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். தவசியின் வக்கீல் கேட்டுக்கொண்டதால் நானும் போனேன். தவசி மேல் வழக்குப் போட்டு ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். வண்டியில் கோளாறு இருந்தது என்று இவர் எழுதினால் அவன் தப்பிப்பான். கோளாறு இல்லை என்றால் அஜாக்கிரதையாக ஓட்டிக் கொன்றவன் அவன்தான். உள்ளே போக வேண்டியிருக்கும், லைசென்சும் போகும். தங்கை உறவும் போய்விட்டது என்பது ஏற்கெனவே தீர்ந்த விஷயம்.

சிமெண்டை இறக்கி வண்டியை வேப்பங்கன்று பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். நான் வழக்கம்போல மூடியைத் திறந்து கவரை எடுத்து மோந்து பார்த்தேன். டீசலில் குற்றமில்லை. மூடிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். முதல் செல்பிலேயே பிடித்துக்கொண்டது. சனியன் பிடித்த வண்டி, அன்றைக்குப் பார்த்துப் பூனைக்குட்டி மாதிரி உறுமியது.

"மலையில ஒரு தடவ ஏத்திப் பாக்கலாங்களா சார்?" என்றேன்.

"இன்ஜின் ஓடுது, பிரேக் பிடிக்குது, ஸ்டியரிங் திரும்புது. இதுக்கு மேல வண்டிகிட்ட என்னய்யா கேக்கணும்?" இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை என்று எழுதி முத்திரை வைத்துவிட்டுப் போனார்.

அவரைக் குறை சொல்லி என்ன. நானும் மூன்று தடவை அதையேதான் சொல்லி அனுப்பினேன்.

மே 27, செவ்வாய்

கோர்ட் வண்டியை விட்டுவிட்டது. தவசி அதைத் தொடமாட்டேன் என்கிறான். நான் போய் எடுத்து வந்தேன். ஷெட்டில் போட்டு ஒவ்வொரு மரையாகக் கழற்றிப் பார்ப்பது என்று முடிவு. ஸ்டேஷனில் ஏட்டு அவசரப்படுத்தினார், சாவியை வாங்கி அப்படியே கிளப்பிவிட்டேன். மூடியைத் திறக்கவில்லை.

இருபத்தெட்டு வருடத்தில் முதல் முறையாக மூடியைத் திறக்காமல் ஒரு டீசல் வண்டியை ஓட்டினேன்.

நாற்பது நிமிடம். சமதரை ரோடு, காலி வண்டி. புளியமரங்கள் தாண்டி ஊருக்குள் நுழையும் இடத்தில் இழுவை குறைந்தது, இரண்டு முக்கு முக்கியது, நின்றுவிட்டது. ஓரத்துக்கு உருட்டினேன். எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது, கடைசியில் என் கையில் மாட்டினாயே என்று. பில்டரைத் தொட்டேன், கைப்பம்ப் அமுங்கிய இடத்திலிருந்து எழும்பவில்லை. டேங்க் பக்கமிருந்து ஏதோ இழுத்துப் பிடித்திருக்கிறது. போய் மூடியைத் திருகினேன்.

உஸ்ஸென்று ஒரு சத்தம். காற்று வெளியே வருகிற சத்தம் இல்லை, உள்ளே போகிற சத்தம். கவர் டேங்குக்குள் கிண்ணம்போலக் குழிந்து போயிருந்தது.

ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இந்த மாடலுக்கு மூச்சு மூடியில்தான். டீசல் குறையக் குறைய மூடியிலுள்ள ஊசி ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். கவர் அதை அடைத்துவிட்டது. டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடமே இல்லை, சீக்கிரம் இறுகிவிடும். இறங்கும்போது டேங்க் பாதி, டீசல் செலவும் இல்லை, அதனால் நிற்காது. மலையில் நின்றதும் தவசி என்ன செய்வான்? டீசல் இருக்கிறதா என்று மூடியைத் திறப்பான். இறுக்கம் போய்விடும். ஷெட்டுக்கு வந்ததும் நான் என்ன செய்வேன்? மூடியைத் திறந்து மோந்து பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கவரைக் கையில் எடுத்து, பத்திரமாகத் திரும்ப வைத்து மூடியிருக்கிறேன். எந்த மூக்கைப் பெரிதாகச் சொன்னேனோ அதற்கு இரண்டு அங்குலத்தில்.

கவரை மடித்தது என் கை. சடையனைக் கொன்றது என் கை.

மே 28, புதன்

நிச்சயப்படுத்திக்கொண்டேன். டேங்க் நிரப்பி, கவர் இல்லாமல் இரண்டு மணி நேரம் ஓட்டினேன். நிற்கவில்லை. கவரோடு முப்பத்தெட்டு நிமிடத்தில் நின்றது. மறுபடி கவரோடு முப்பத்தொன்பது. மறுபடி இல்லாமல், நிற்கவில்லை.

தவசிக்குப் போன் போட்டேன். எடுத்தான். "கழட்டிப் பாத்துக்கிட்டிருக்கேன்" என்று மட்டும் சொன்னேன்.

மே 29, வியாழன்

பால் வண்டி, பேன் பெல்ட்.

மே 31, சனி

சடையனுக்குப் பதினாறு. போகாமல் இருந்தால் நன்றாக இராது என்று செசிலி அனுப்பிவைத்தாள்.

தாலி அறுக்கிறவளுக்குக் கூடப் பிறந்தவன்தான் கோடிச் சேலை போட வேண்டும். தவசி ஒற்றையாகச் சேலையைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். சவரம் செய்யாத முகம். பத்துப் பதினைந்து நாளில் பாதி ஆளாகிவிட்டான். குருவம்மாள் உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். போட வந்த சேலையை எடுத்தாள், நடு வாசலில் போட்டாள்.

"கொன்ன கையால கோடி வாங்குனா என் கட்டை வேகாது. எனக்குக் கூடப்பெறந்தவன் இல்ல. அவனும் அன்னைக்கே செத்துட்டான்."

பெண்கள் சிலர் அழுதார்கள். யாரோ ஒரு பெரியப்பா மகனை அழைத்து வந்து வேறு சேலை போட வைத்தார்கள். தவசி குனிந்து கீழே கிடந்த சேலையை எடுத்து மண்ணைத் தட்டினான், மடித்தான், கக்கத்தில் வைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்து போனான்.

என் சட்டைப் பையில் அந்தக் கவர் இருந்தது. காட்டிவிடுவது என்றுதான் எடுத்துப் போனேன். சாப்பாட்டுப் பந்தியில் என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்று.

சாவு வீட்டில் பேசுகிற பேச்சா அது என்று தோன்றியது. நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 1, ஞாயிறு

செசிலி பூசைக்குக் கூப்பிட்டாள். முழங்கால் வலி என்றேன். செய்த பாவத்தைச் சொல்லலாம், பாவசங்கீர்த்தனம் கேட்க இன்றைக்குச் சாமியார் வருகிறார் என்றாள். அதனால்தான் வலி என்று நான் சொல்லவில்லை.

மே 5-ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். கிழிக்கவில்லை. கிழித்தால் பின்பக்கத்தில் இருக்கும் 6-ஆம் தேதியும் போய்விடும், அதில் ஒரு டிராக்டர் வேலை எழுதியிருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

தவசி ஷெட்டுக்கு வந்தான். தன் வண்டி பக்கம் போகவே இல்லை, அதற்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"கோர்ட்டுல நாந்தான்னு ஒத்துக்கிறப் போறேண்ணே."

"ஏன்? நீ என்ன பண்ணுன?"

"எதாச்சும் பண்ணியிருப்பேன். வண்டி நல்லாருக்குன்னு அவங்களும் எழுதிட்டாங்க, நீங்களும் பாத்து அனுப்புனீங்க. அப்ப நாந்தான?" தரையைப் பார்த்தபடி, "தெனமும் கனவுல கல்லு போடுறான்ணே, போட்டுட்டு என்னையத் திரும்பிப் பாக்குறான்" என்றான். "நான் அந்த ஊருல இருக்குறதுல அர்த்தமில்ல. எங்கிட்டும் இருக்குறதுலயே அர்த்தமில்ல."

அவன் போன பிறகு செசிலி வந்து நின்றாள். டீ கொடுக்க வந்தவள் கேட்டிருக்கிறாள். "அந்தாளு முகம் சரியில்ல. எதாவது செஞ்சுக்கிடப் போறாரு. உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லி எதாவது பண்ணுங்க" என்றாள்.

எனக்கு என்ன தெரியும் என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். அவள் ஒன்றும் தெரிந்து சொல்லவில்லை.

பயமாக இருக்கிறது. ஒன்பது நாளாக நான் எண்ணிக்கொண்டிருப்பது என் ஷெட்டை, என் பெயரை, ஸ்டேஷன் வாசலை. அவன் எண்ணிக்கொண்டிருப்பது வேறு.

ஜூன் 9, திங்கள்

மலைக்குப் போனேன். தவசி வீட்டுப் பின்புறம் மிளகுக் கொடிப் பக்கம் அவனைத் தனியாக அழைத்துக் கவரை எடுத்துக் கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மூடியில் மூச்சு, டேங்க் நிறைந்தால் இறுக்கம், முப்பத்தெட்டு நிமிடம், உஸ்ஸென்ற சத்தம்.

அவன் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதா? இது எல்லா வண்டியிலயும் இருக்குறதுதான?"

"இருக்கும். மத்த வண்டிக்கு மூச்சுக் குழாய் தனியா இருக்கும். ஒன்னோடது பழசு. நீ எந்தத் தப்பும் பண்ணல தவசி. ஒன் காலும் பண்ணல, கையும் பண்ணல."

மண்ணில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். இருபத்துநாலு நாளாக அழாமல் வைத்திருந்தது போலிருக்கிறது. நானும் அழுதேன். அடுத்த வாக்கியத்தைத் தொண்டை வரை கொண்டுவந்து வைத்திருந்தேன். பஸ்ஸில் வரும்போது பத்துத் தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம்: அதை வைத்தது நான்தான்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மூடியைத் தெறக்கிறப்பல்லாம் பாத்திருக்கேண்ணே. மாப்ளதான் வச்சிருக்கான்னு நெனச்சுக்கிட்டேன். டீசல் ஊத்துறது பூராம் அவன்தான?" என்றான்.

வாக்கியம் திரும்ப உள்ளே போய்விட்டது.

"எப்பண்ணே கண்டுபிடிச்சீங்க?"

"நேத்து" என்றேன்.

ஜூன் 11, புதன்

சொன்னால் குருவம்மாள் நம்ப மாட்டாள். அண்ணனும் மெக்கானிக்கும் சேர்ந்து கட்டிய கதை என்பாள். கண்ணால் காட்டுவது என்று ஏற்பாடு. அவள் வீட்டு வாசலில் நேற்று ஒரு மணி நேரம் நின்று சம்மதிக்க வைத்தேன். "ஒரு தடவ வந்து வண்டியில உக்காருத்தா. அப்புறம் ஒன் இஷ்டம்" என்று கெஞ்சினேன். காலை பஸ்ஸில் கீழே இறங்கி வந்தாள். அண்ணன் இருந்த பக்கம் பார்க்கவில்லை.

அவள் பார்க்கவே பங்கில் வாய் வரை ரொப்பினோம். கவரை மடித்து வாயில் போட்டு மூடியை இறுக்கினேன். தவசி ஓட்ட, அவள் கேபினில் ஓரமாக. நான் பின்னால், ஆறு மூடை மணலோடு, இரண்டு கல்லும் ஒரு கட்டையும் வைத்துக்கொண்டு. சடையன் உட்காருகிற இடம் எதுவென்று தார்ப்பாய்க் கயிற்றின் தேய்மானத்திலேயே தெரிந்தது.

ஏழாவது வளைவு வந்தது. நிற்கவில்லை. கேபின் கண்ணாடி வழியாகக் குருவம்மாள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் செத்திருக்கலாம். எட்டாவது வளைவு. அதையும் தாண்டியது. ஒன்பதாவதுக்கு ஏறுகிற மேட்டில் முக்கியது, இருமியது, நின்றது.

"கல்லு!" என்று தவசி கத்தினான். வேறு எப்படிக் கத்துவான்.

குதித்தேன். ஐம்பத்துமூன்று வயதில் குதிக்கிற குதியில்லை அது, முழங்கால் தரையில் இடித்தது. சக்கரம் என்னை நோக்கி ஒரு சாண் வந்தது. கல்லைத் தள்ளினேன், அதன் மேல் கட்டையைத் தள்ளினேன். நின்றது. அந்த ஒரு சாண் நேரத்தில் சடையன் எதைப் பார்த்தான் என்று நானும் பார்த்தேன்.

குருவம்மாள் இறங்கி வந்தாள். தவசி செல்ப் அடித்துக் காட்டினான், பிடிக்கவில்லை. நான் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்றது. குழிந்த கவரை அவள் பார்த்தாள். கவரை எடுத்துவிட்டுக் கைப்பம்பை அமுக்கச் சொன்னேன், தவசி அமுக்கினான், செல்ப் அடித்தான், பிடித்துக்கொண்டது. அணைத்தான். மலையில் சத்தமே இல்லை.

"இவ்ளோதானா?" என்றாள். "இந்தக் காயிதமா?"

"இதுதாத்தா. ஒங்கண்ணன் மேல ஒரு குத்தமும் இல்ல."

தவசி வண்டியின் அந்தப் பக்கத்திலேயே நின்றான், கிட்டே வரத் தைரியமில்லை. அவள் கவரை வாங்கிக் கையில் விரித்துப் பார்த்தாள்.

"யாரு வச்சது?"

தவசி தலையைக் குனிந்துகொண்டான். "நான் வைக்கலத்தா. சத்தியமா." அதற்கு மேல் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

அவளே கண்டுபிடித்தாள். "டீசல் வாடை, டீசல் வாடைன்னு ஒரு மாசமா அதே பேச்சா இருந்தாரு. நாந்தான் திருணையில படுங்கன்னு வெரட்டுனேன். நான் சொன்னதுக்காக வச்சிருக்காரு." என் முகத்தைப் பார்த்தாள். "அவருதானண்ணே வச்சிருப்பாரு?"

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். வாயைத் திறந்தேன்.

"இருக்கும்" என்றேன்.

அவள் தடுப்புச் சுவரில் சாய்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி மனுசா, நீயே வச்சுக்கிட்டயே. ஒனக்கு நீயே வச்சுக்கிட்டு எங்கண்ணன் மேல என்னையப் பழி போட வச்சுட்டயே." தவசி ஓடி வந்து கைகளைப் பிடித்தான். "அண்ணே, கோடியைக் கீழ போட்டேனேண்ணே" என்று அவன் மார்பில் விழுந்தாள். அப்படியே நின்று இருவரும் அழுதார்கள். நான் கல்லை எடுத்து ஓரத்தில் வைத்தேன்.

போகும்போது அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். சாப்பிட்டேன். பரிமாறியது குருவம்மாள்.

ஜூன் 13, வெள்ளி

ஸ்டேஷனில் வாக்குமூலம். ஏட்டு எழுதினார், நான் சொன்னேன். வண்டியை மறுபடி பார்க்க பிரேக் இன்ஸ்பெக்டருக்கு எழுதுவார்களாம், வக்கீல் இனிப் பயமில்லை என்கிறார். கடைசியில் ஏட்டு படித்துக் காட்டினார்: "மேற்படி பிளாஸ்டிக் கவரை இறந்துபோன சடையனே விவரம் தெரியாமல் வைத்திருக்கக்கூடும் எனத் தெரிய வருகிறது."

"சரிதானா?" என்றார்.

சரி என்றேன். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே குருவம்மாள் கும்பிட்டாள். "எங்கண்ணனை எனக்குத் திருப்பிக் குடுத்தீங்க" என்றாள். ஊரில் இப்போது எல்லோரும் சடையனைத்தான் பேசுகிறார்களாம், நல்ல மனுசன்தான், அறிவு போதாது என்று. அதைச் சொல்லும்போது சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. வீட்டிலிருந்த அவன் போட்டோவைக் கோபத்தில் திருப்பி வைத்துவிட்டாளாம்.

வீட்டுக்கு வந்ததும் செசிலி சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "யாரு வச்சதாம் அந்தக் கவரை?"

"செத்தவன்தான்."

"அடப் பாவமே" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். குழம்பை ஊற்றினாள். நான் சாப்பிட்டேன்.